ஆள் இல்லாத கூட்டம்

இதைச் சொன்னது ஓர் ஆமை. பல வருடங்களாக நான் இதை நம்பவில்லை.

மண் மூடிய வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து தூர் வாராவிட்டால் ஏரி வற்றிவிடும். அதை முடிவு செய்யப் பல நாட்டுப் பறவைகள் ஆண்டுதோறும் கரையில் கூடின. நாரை பெயர் வாசிக்கும்: மலைக்கு அப்பாலிருந்து வரும் வாத்து, தீவுக் கூழைக்கடா, கடைசியாக உள்ளூர் ஆமை.

ஓர் ஆண்டு வாத்துகள் வரவில்லை. ஆனாலும் கோரைப்புல்லுக்குள்ளிருந்து, "உள்ளேன்" என்று ஒரு குரல் வந்தது.

"என்னய்யா இது? அவங்க இன்னும் மலையே தாண்டலையே!" என்றது கூழைக்கடா.

"குரல் வந்துச்சா இல்லையா? சும்மா இரு," என்றது நாரை.

தன் பெயருக்கும் அந்தக் குரல் பதில் சொல்லிவிடும் என்று நினைத்து, மறு ஆண்டு கூழைக்கடா வரவில்லை. சொல்லிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாப் பறவைகளுமே வராமல் நின்றுபோயின. கடைசியில் நாரையும்.

"அந்த வருஷம் கரையில ஒரு பறவைகூட இல்ல," என்றது ஆமை. "நான் சேத்துக்குள்ள படுத்திருந்தேன், வாயே திறக்கல. ஆனா யாரோ பேர் வாசிச்சாங்க. ஒண்ணுவிடாம எல்லாப் பேருக்கும் பதில் வந்துச்சு. நாளைக்கே தூர் வாரலாம்னு ஒருமனதா முடிவாச்சு."

வெடித்துக் கிடந்த ஏரியில் நின்று நேற்றுதான் அதனிடம் கேட்டேன்.

"உன் பெயரை வாசித்தபோது பதில் சொன்னது யார்?"