எர்ரர் நாற்பத்தேழு

"பத்தொன்பது வருஷமா இந்த ஒரு தப்பைச் சரிபண்ணத் தெரியல. நீயெல்லாம் எதுக்கும்மா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கினு இருக்கே?"

டாக்டர் வேதாச்சலத்தின் குரல் லேப் கவுன்ட்டரைத் தாண்டி வாசல்வரை கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தபிதா கவுன்ட்டரில் நின்ற பெண்ணிடம், "மெஷின் தகராறும்மா. ரிப்போர்ட் இங்க பிரிண்ட் ஆகல. நாலாம் நம்பர் ரூம்ல டாக்டர் சிஸ்டத்துல வரும், அங்க போயி வாங்கிக்கோ" என்றாள்.

"மள்ளீ இதேனா?" மறுபடியும் இதேதானா என்று தெலுங்கில் சலித்துக்கொண்டே அந்தப் பெண் நகர்ந்தாள்.

"எர்ரர் வந்தா என் தலையில கட்டிடு! நான் வைத்தியம் பாக்கறதா, பிரிண்ட் எடுத்துக் குடுக்கறதா?" என்று கத்திவிட்டு டாக்டரும் பின்னாலேயே போனார்.

ஓரமாக நின்றிருந்த கோபிகிருஷ்ணனுக்கு, டாக்டர் சொன்னதில் தப்பிருப்பதாகத் தோன்றவில்லை.

திருப்பதியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் பழைய புரோகிராமை மாற்றித் தர அவன் வந்து நாலு மாதமாகிறது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. மருந்துக் கடையில் கை வைத்தால் லேப் நின்றுவிடும். அதையெல்லாம் பிரித்து, பதிவுக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று தனித்தனி சர்வீஸாக எழுதி, ஒன்று கேட்டால் இன்னொன்று பதில் சொல்லும்படி செய்ய வேண்டும்.

பக்கத்தில், வீடு இருக்கும் புத்தூருக்குக்கூட அவனால் போய்வர முடியவில்லை. மனைவி போனைக் கொடுத்தால், மகள் "எந்த அங்கிள்?" என்று கேட்கிறாள்.

திங்கட்கிழமை புது சிஸ்டம் ஓடியாக வேண்டும். இனிமேல் ரிப்போர்ட் தயாரான நிமிஷமே நோயாளியின் போனுக்குப் போய்விடும்.

பழைய புரோகிராமை எழுதியது தபிதாதான். சித்தூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அவன் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"அந்த எர்ரர் நாற்பத்தேழு எதனால வருது மேடம்?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் தம்பி."

"எர்ரரை யாராவது இருந்துட்டுப் போகட்டும்னு விடுவாங்களா?"

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெரியாததை மறைக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். "இந்தம்மாவை இன்னும் வேலையில வெச்சிருக்கறதே பெரிசு சார்" என்று மேனேஜர் வரதராஜனிடம் சொல்லியும் வைத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கண் எரிய எரிய லேப் பகுதியை வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தவன், ஓரிடத்தில் அப்படியே நின்றான்.

எர்ரர் தானாக வரவில்லை. வேண்டுமென்றே வரவழைத்திருந்தார்கள்.

ரிப்போர்ட்டில் பெரிய வியாதி என்று இருந்தால், கவுன்ட்டரில் பிரிண்ட் ஆகாது. எர்ரரைக் காட்டிவிட்டு டாக்டர் அறைக்குப் போய்விடும். அது மட்டுமில்லை, ஒன்றுமே இல்லாத நல்ல ரிப்போர்ட்டுகளிலும் எட்டில் ஒன்றுக்குக் குத்துமதிப்பாக அதே எர்ரர்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போனான். தபிதா தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். திரையைக் காட்டினான். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாகலாபுரத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு. அப்பல்லாம் கவுன்ட்டர்லயே ரிப்போர்ட்டைக் குடுத்துடுவோம். படிச்சிப் பாத்துட்டு, டாக்டரைப் பாக்காமலே பஸ் ஏறிப் போயிட்டாரு. சின்னக் கட்டிதான். எடுத்திருந்தா இன்னிக்கும் நடமாடிக்கினு இருப்பாரு. வீட்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஆறு மாசம் கழிச்சி அவர் பொண்ணு வந்து, எங்க நைனாவுக்கு என்னா வந்திச்சின்னு என்கிட்ட கேட்டுது."

கோபிகிருஷ்ணன் எதிரே உட்கார்ந்தான்.

"அதுக்கப்புறம் எழுதினதுதான் இது. அந்த மாதிரி சேதி காகிதத்துல போகக் கூடாது தம்பி. உக்கார வெச்சி, மனுஷன் வாயால சொல்லணும்."

"அப்ப நல்ல ரிப்போர்ட்டுக்கும் எதுக்கு எர்ரர்?"

"இல்லாட்டி ஜனங்க கண்டுபிடிச்சிட மாட்டாங்களா? எர்ரர்னு சொன்னதுமே ஈரக்கொலை நடுங்கிடும். அதனாலதான் யார்கிட்டயும் மூச்சு விடல. மெஷின் சரியில்ல, எழுதினவளுக்கு வேலை தெரியல. அவ்ளோதான்."

அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"மேடம், மேனேஜர்கிட்ட உங்களப் பத்தி நான்..."

"தெரியும் தம்பி. பழகிப்போச்சு."

அவன் லேப்டாப்பை மூடினான்.

"புதுசுலயும் இதை வெச்சிடறேன். தனி சர்வீஸா எழுதிடறேன். அந்த மாதிரி ரிப்போர்ட் போனுக்கும் போகாது. சரிபண்ணத் தெரியாதவன்னு இனிமே என்னைச் சொல்லட்டும்."

தபிதா மெதுவாகத் தலையாட்டினாள்.

அவனுக்கு மனசு ஆறவில்லை. "ஆனா அந்த டாக்டரை நினைச்சாத்தான் ஆத்திரமா வருது மேடம். தன் ரூமுக்கு எப்படிப்பட்டவங்க வர்றாங்கன்னு பாத்துமா புரியல? தினம் பத்து பேரைக் கூட்டி வெச்சிக்கினு உங்களைத் திட்டறாரே!"

நாலு மாதத்தில் முதல்முறையாகத் தபிதா சிரித்தாள்.

"எழுதச் சொன்னதே அவர்தான் தம்பி. ஜனங்க நம்பணுமேன்னு திட்டச் சொன்னதுதான் நான்."