நடு ஆற்றில் இரண்டு மொழி

சந்தைக்குப் போகிற கழுதையின் முதுகில் இரண்டு கூண்டுகள் தொங்கின. ஒன்றில் தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி பேசும் கிளி. மற்றதில் போர்ச்சுக்கீசியம் பேசும் கிளி. எந்த மொழி உசத்தி என்று கிளம்பியதிலிருந்தே சண்டை.

ஆற்றில் இறங்கியதும் கோசாக் கிளி, "எங்கள் மொழியில் நாக்கைச் சொடுக்கியே ஒலிக்கும் எழுத்துகள் உண்டு. உனக்கு வருமா?" என்று சொடுக்கிக் காட்டியது. கழுதையை ஓட்டுகிறவர்கள் போடும் சத்தமும் அதுதான். கழுதை விறுவிறுவென்று நடந்தது.

"அதெல்லாம் ஒரு மொழியா? எங்களுடையது மூக்கால் இழையும்" என்ற மற்ற கிளி, "நாவ்ங்ங்" என்று இழுத்தது. அது கழுதையை நிறுத்தும் சத்தம் போலிருந்தது. கழுதை நடு ஆற்றில் நின்றுவிட்டது.

மலையில் மழை பெய்து தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"சாமிகளா, வாயை மூடுங்கள்! காதில் விழுந்ததும் என் கால் கேட்டுவிடுகிறது!" என்று கழுதை கத்தியது.

யார் கேட்டார்கள்? போர்ச்சுக்கீசியக் கிளி இன்னும் நீளமாக இழுத்தது. தண்ணீர் கூண்டுக்குள் புகுந்தது. கோசாக் கிளிக்குப் புரையேறி, சொடுக்க வரவில்லை. பயந்துபோன மற்றது, வேறு வழியில்லாமல் தானே நாக்கைச் சொடுக்கியது. கழுதை ஒரே பாய்ச்சலில் கரையேறியது.

கோசாக் கிளி இருமி முடித்தது. "நீ சொடுக்கியது தப்பு. நாக்கு பல்லில் பட வேண்டும்."

"எனக்கே பாடமா? முதலில் நீ மூக்கால் பேசப் பழகு!"

கழுதை காலை மடக்கிப் படுத்தது. அதற்குப் பிறகு அது எந்த மொழிக்கும் எழுந்திருக்கவில்லை.