மாஸ்டருக்கு எதற்கு டெஸ்ட்?

"இதையெல்லாம் யாருக்குன்னு எடுத்து வைக்கறது? கரப்பான்பூச்சிக்கா?"

பேத்திக்குச் சின்னதாகிப்போன சட்டைகளை மாமியார் ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கேள்வி சுவரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அது மருமகளுக்கான கேள்வி என்று சுவருக்கும் தெரியும்.

மருமகள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"நாலு பெத்தவளும் இன்னும் ஒண்ணு வந்தா என்னங்கறா. சில பேருக்கு ஒண்ணுலயே மூச்சு முட்டிடுது. எல்லாத்துக்கும் மனசு வேணும். அதைக் கடையில வாங்க முடியாது."

பின்னல் இறுகியது. "வலிக்குதும்மா" என்றது குழந்தை.

கணவன் வாசல் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துவதால் ஊருக்கே அவன் மாஸ்டர். கார் ஓட்டப் பழக வருகிறவர்களிடம், "பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்பான். வீட்டில் அம்மா பேச ஆரம்பித்தால் மட்டும் அந்தப் பக்கமே இருக்க மாட்டான். அன்றும் ஒரு ஷூ மின்ன, இன்னொன்று மங்கலாக, அவசரமாக எழுந்து போனான்.

அவள் பின்னாலேயே கார் வரைக்கும் போனாள்.

"என்னோட டெஸ்ட் எல்லாம் வந்துடுச்சு. ஒரு குறையும் இல்லையாம். அடுத்தது உங்களுக்குத்தான் பாக்கணும்னு டாக்டர் சொல்றாங்க."

"எனக்கா?" அவன் சிரித்தான். "என்னோட டெஸ்ட் ரிசல்ட் ரெண்டாங்கிளாஸ் படிக்குது. கூட்டிட்டுப் போய்க் காட்டு உன் டாக்டருக்கு."

சொன்னது அவனுக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவை சிரித்தான்.

"அவ பொறந்து ஏழு வருஷமாச்சுங்க."

"அதுக்குள்ள நான் காலாவதி ஆயிட்டேனா? ஒரு பிள்ளையைப் பெத்தவனை வரிசையில உக்கார வச்சு டெஸ்ட் பண்ணுவாங்களாம். வேற வேலை இல்ல."

கதவைத் திறந்தவன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போறது அம்மா காதுல விழவே கூடாது. அவங்களுக்கு டாக்டர், டெஸ்ட்டுன்னாலே ஆகாது. தெரிஞ்சா உன்னைப் பெட்டியோட அனுப்பிடுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குச் சொல்கிறவன் கிளம்பிப் போனான். அவளும், தன் தையல் கடையில் யூனிஃபார்ம் வேலை குவிந்து கிடக்கிறது, வர நேரமாகும் என்று மாமியாரிடம் வழக்கமான பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் டாக்டரம்மா அவளுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னிக்கும் தனியாவா?"

"அவருக்கு வேலை."

"உங்களுக்கும் எனக்கும் இல்லாத வேலை." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வயசு முப்பத்தேழு. முப்பத்தஞ்சு தாண்டினவங்க ஆறு மாசம் பார்த்துட்டு, தங்கலைன்னா வந்துடணும். சின்ன வயசுக்காரங்களே ஒரு வருஷத்துக்கு மேல சும்மா காத்திருக்கக் கூடாது. நீங்க ரெண்டு வருஷத்தை வீணாக்கிட்டு வந்தீங்க. வந்ததுக்கப்பறம் அவரு ஒரு வருஷத்தை வீணாக்கிட்டாரு."

"மொதல் குழந்தை தானா வந்துச்சே, இதுவும் வரும்னு..."

"அது அப்ப இருந்த உடம்பும்மா. உடம்பு என்ன டிரைவிங் லைசென்ஸா, ஒரு தடவை வாங்கி பர்ஸுல வச்சுக்க? அதையே அப்பப்ப புதுப்பிக்கச் சொல்றாங்க. குறை அவர்கிட்ட இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் மருந்துலயே சரியாகற விஷயமா இருக்கலாம். பார்த்தாத்தானே தெரியும்? ஒரு சின்ன டெஸ்ட். அதுக்குப் பயந்துக்கிட்டு உங்க வயசைச் செலவு பண்றாரு."

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் தன்மேல் வந்த கோபம், அன்றுதான் சரியான விலாசம் தேடிப் போனது.

வாசலில் மாமியார் நின்றிருந்தாள்.

"உன் கடையைத் தாண்டித்தான் வந்தேன். பூட்டிக் கிடக்கு. எங்க ஊர் சுத்திட்டு வர்ற?"

"டாக்டர்கிட்ட போயிட்டு வர்றேன் அத்தை."

மாமியாரின் முகம் அப்படியே நின்றது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் மருமகளுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

"ரெண்டாவது குழந்தைக்காகத்தான். ஒரு வருஷமா போறேன். குத்தாத ஊசி இல்ல. என்கிட்ட குறை இல்லன்னு சொல்லிட்டாங்க. உங்க பிள்ளையைக் கூப்பிட்டா வரமாட்டேங்கறார். கேட்டா, ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டுங்கறார். டாக்டர்கிட்ட போறது உங்களுக்குத் தெரிஞ்சா என்னைப் பெட்டியோட அனுப்பிடுவீங்கன்னு சொன்னார். அனுப்பறதுன்னா இப்பவே அனுப்பிடுங்க. தினமும் உங்க வாயில விழுந்து எந்திரிக்க என்னால முடியல."

மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தாள்.

"நான் அனுப்பிடுவேன்னா சொன்னான்?"

"ஆமா."

"அவளை ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா, நீயும் காட்டிக்கடான்னு மூணு வருஷமா அவனை அரிச்சுக்கிட்டு இருக்கறதே நான்தானேடி." கிழவி தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினாள். "ஒண்ணு போதும்னு நீதான் திருட்டுத்தனமா மாத்திரை சாப்பிடறதா, என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணினானே பாவி."