மேக்ரோ என்கிறவன்

காகிதக் கட்டுகளை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது. டிபன் பாக்ஸ் கழுவப் போயிருப்பாள்.

அவளுடைய கணினி விழித்திருந்தது.

ஒரே கட்டடம்தான். கீழே அவனுக்குச் சுமை, மேலே அவளுக்குச் சுழல் நாற்காலி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். நேற்று அவள் போனில் யாரிடமோ சிரித்துப் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மேக்ரோவ நம்பவே முடியாதுக்கா. ஆனா அவன் இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது."

ஓடாதாம்.

திரையில் புதிதாக ஒரு கடிதம் வந்து கிடந்தது. 'உங்களுக்கு மட்டும்' என்று தலைப்பு. அமுக்கினான். திறந்துகொண்டது. உள்ளே எல்லாம் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கல்.

மேலே மட்டும் ஒரு மஞ்சள் பட்டை.

தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன். மூட்டையோடு படியேறுகிற மாதிரி நின்று நின்று ஏறினான்.

மே. க். ரோ.

காது சுட்டது.

'மேக்ரோவை அனுமதிக்கவா?'

வாசலில் நின்றுகொண்டு கேட்கிறான். திமிரைப் பார்.

வாடா உள்ளே, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொத்தானை அமுக்கினான்.

வந்துவிட்டான்.

அவள் திரை கறுத்தது. அப்புறம் பக்கத்து மேசை. அப்புறம் வரிசையாக எல்லா மேசையும். எங்கு பார்த்தாலும் ஒரே பூட்டுப் படம்.

மேனேஜர் அறையிலிருந்து ஓடிவந்தார்.

"எல்லாருக்கும்தானே வந்துது அந்த லெட்டர்? நம்ம கணக்கத் தானா போட்டுத் தர்ற மேக்ரோ புரோகிராம் வேற, வெளிய இருந்து வர்றது வேற, அது திருட்டு வேலைன்னு காலைலயே தலபாடா அடிச்சுக்கிட்டேன். யாரு அமுக்கினது? அவங்களுக்கு இன்னியோட வேலை கிடையாது."

எல்லாருக்கும்.

மேனேஜரின் கண் அவனைத் தாண்டிப் போனது. எழுத்து தெரியாதவன் என்றுதான் அங்கே பேர்.

ஈரக் கையோடு அவள் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"யாரு படிச்சுக் காட்டினா உங்களுக்கு?" குரல் அவனுக்கு மட்டும் கேட்டது.

"யாருமில்ல. நானேதான்."

அவ்வளவு களேபரத்திலும் அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. வேலை முடிந்து வந்து, அந்தக் காய்ப்பேறிய விரலைப் பிடித்து எழுத்துக் கூட்ட வைத்தவள் அவள்தான்.

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சார் அமுக்கினேன்."