கவிழ்த்த டப்பா

ஜன்னலோர மேசையில் பழுது பார்ப்பவர் இருக்கிறார். கதவருகே முக்காலியில் படகோட்டியின் மனைவி. அவள் கொழுந்தன் உட்கார மனமில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கிறான். நடுவே, ஆளில்லாமல் கரை ஒதுங்கிய அவள் கணவரின் படகிலிருந்து கழற்றி வந்த கணினிப் பெட்டி. உப்புப் பூத்த அதன் செயற்கைக்கோள் ஆன்டெனாவின் மேல் ஒரு பிஸ்கட் தகர டப்பா கவிழ்ந்திருக்கிறது. வானம் தெரியாதவரை, கடலில் மின்சாரம் அறுந்த கடைசி இடத்தையே பெட்டி காட்டிக்கொண்டிருக்கும். தெரிந்துவிட்டால் அதை அழித்துவிட்டு இந்த அறையைக் காட்டும். டப்பாவின் விளிம்பில் மதிய வெயில் மின்னுகிறது. செல்போன் கோபுரத்தின் அலையைப் பிடித்துவிட்ட பெட்டியின் பச்சை விளக்கு, அனுப்ப ஏதுமில்லாமல் விட்டுவிட்டு எரிகிறது.

"அந்த இடத்தோட எண்களைத்தான் தாள்ல எழுதியாச்சே அண்ணி. டப்பாவை எடுக்கச் சொல்லவா?"

"யாராவது கை வச்சீங்க, அவ்வளவுதான். தேடப் போற படகுக்கு முதல்ல கடுதாசி போகட்டும்."

"நான் தும்மலைக்கூட அடக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன், தங்கச்சி," என்கிறார் பழுது பார்ப்பவர்.

கொழுந்தன் தாளைத் திரையோடு இன்னொருமுறை ஒத்துப் பார்க்கிறான். அதை ஒரு உறையிலிட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடுகிறான். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைகிறது. அவளே எழுந்து டப்பாவைத் தூக்குகிறாள். திரையில் எண்கள் மாறுகின்றன. பச்சை விளக்கு ஒருகணம் நிலைத்து எரிகிறது. அவள் கையிலிருக்கும் செல்போன் அதிர்கிறது. கணவர் கடலிலிருந்து திரும்பிய நாளெல்லாம், கரையைக் கண்டதும் பெட்டி தானாக அனுப்பிய அதே செய்தி:

"படகு கரை சேர்ந்தது."