இரண்டாவது படம்

"இடது பக்கம் தொடை எலும்புப் பந்து இடுப்புக் கிண்ணத்துல சரியா உட்காரலையே" என்று எக்ஸ்ரேயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார் கால்நடை டாக்டர்.

மேசையில் மயக்க ஊசியில் தூங்கிக்கொண்டிருந்தான் குண்டு. கண் தெரியாதவர்களுக்கான வழிகாட்டி நாய்ப் பள்ளிக்காக, பக்கத்தில் நின்ற அவள் ஒரு வருடம் வீட்டில் வைத்து வளர்த்த நாய்க்குட்டி. அவன் காதைத் தடவியபடி கேட்டாள்.

"அப்போ இவன் பள்ளிக்குத் தேறமாட்டானா டாக்டர்?"

"பதறாதீங்கம்மா. வலது பக்கம் அளவுக்கு மீறி நல்லாத் தெரியுது. அதான் இடிக்குது. படம் எடுக்கும்போது இடுப்பு சாய்ஞ்சிருக்கு. காலைப் பிடிச்சது யாரு?"

"நான்தான்."

"கை நழுவியிருக்கும். மறுபடி எடுத்துடலாம். கண் தெரியாத வாத்தியார் ஒருத்தர் வழிகாட்டி நாய்க்காக ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கார். இவன் பேரைக்கூடக் கேட்டுத் தெரிஞ்சு வெச்சிருக்கார், பாவம்."

எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க அவள் ஈய அங்கியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

புதுப் படத்தைப் பார்த்ததும் டாக்டர் சிரித்தார். "ரெண்டு பக்கமும் கச்சிதம்! நாளைக்கே பள்ளியிலேருந்து வந்து கூட்டிட்டுப் போவாங்க."

வெளியே காரில் அவள் கணவர் காத்திருந்தார். முப்பது வருடம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர்.

"என்ன சொன்னார்?"

"தேறிட்டான்."

"எப்படி? தேறலைன்னா நம்மகிட்டயே விட்டுடுவாங்க, காலைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"பிடிச்சேங்க" என்றாள் அவள். "முதல் படத்துக்கு."