பஸ் மாறாமல்

சிங்கப்பூரின் செங்காங்கில் பார்க்க வந்த வீட்டின் ஹாலையும் சமையலறையையும் சுகந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாப் இங்கேருந்தே தெரியுது" என்றாள். கணவன் கதிரேசனும் பக்கத்தில் வந்து பார்த்துத் தலையாட்டினான்.

வீட்டு ஏஜெண்ட் லொரைனுக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப் பஸ்ஸையே கட்டிக்கொண்டு அழுகிற ஜோடியை அவள் பார்த்ததில்லை.

"தெம்பனிஸுக்கு எங்கயும் மாற வேண்டாமே?" என்று கேட்டாள் சுகந்தி.

"ஒரே பஸ்தான். அதுலதானே இப்ப வந்தீங்க?"

"இறங்கி ரோட்டைக் கடக்கணுமா?"

"வேணாம், இந்த அடுக்குமாடி பிளாக் வாசல்லயேதான் ஸ்டாப். இவ்வளவு கவலைன்னா ஒரு கார் வாங்கிடுங்க லா!"

"அதுக்கெல்லாம் வசதியில்லைங்க" என்றான் கதிரேசன்.

லொரைன் சின்ன அறையைத் திறந்தாள். "இது உங்க பொண்ணுக்கு. பெரிய ரூம் உங்க ரெண்டு பேருக்கும். ஜூன்ல மூணு பேரும் குடிவந்துடலாம்."

"இவர் மட்டும்தான் வர்றார்" என்றாள் சுகந்தி. "நானும் மித்ராவும் இப்ப இருக்கிற தெம்பனிஸ் வீட்டுலயே இருக்கோம். சனிக்கிழமை மட்டும் அவ அப்பாகிட்ட வருவா."

லொரைன் கதவுப் பிடியை விட்டுத் திரும்பினாள். "பத்து வயசுப் பிள்ளை... தனியாவா?"

"பஸ் மாறணும்னா யாராவது கூட வரணும். ஒரே பஸ்னா நான் ஏத்திவிட்டுடுவேன், இவர் இறக்கிக்குவார். நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே வேண்டாம்."

கதிரேசன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"அவ பஸ்ல ஏறினாலே தூங்கிடுவாளே" என்றான்.

"சாஞ்சுக்க உங்க தோள் இருந்தது, அதான் தூங்கினா" என்றாள் சுகந்தி. "இனிமே தூங்கமாட்டா."